தைக்காத மெஷின்

தையல்காரர் ஜானி பாஷா மவுத்தானபோது கடையும் ஓடுகிற இரண்டு மெஷின்களும் மகன் முபினுக்குப் போயின. மகள் பர்சானாவுக்கு வந்தது தைக்காத மெஷின். வளைந்த மரமூடி, பக்கத்தில் கைப்பிடி; அசப்பில் பழைய காலத்துக் கைமெஷின்தான். ஆனால் ஊசி மாட்ட இடம் கிடையாது. “இத நீதான் பாத்துக்கணும்” என்று அப்பா சாகக் கிடந்தபோது சொல்லி, அவளிடம் ஒப்படைத்தது. பார்த்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறதாம்? பொட்டப்பிள்ளைக்குக் கழித்துப்போட்டது போதும் என்று நினைத்துவிட்டாரே என்று அவளுக்கு வயிறு எரியும். எரிந்தாலும் வெள்ளிக்கிழமை காலையில் எல்லா மெஷினுக்கும் எண்ணெய் விடும்போது இதற்கும் நாலு சொட்டு விட்டுவிடுவாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், கை கேட்டால்தானே!

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்குக் குர்தா தைக்கிற சின்னக் கடை அவளுடையது. இன்று அங்கே துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற புது ஓவர்லாக் மெஷின் வந்து இறங்கியிருந்தது. வைக்க இடமில்லை. தைக்காத மெஷினை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவள் புருஷன் சுஹைல் பழைய இரும்புக்கார ரஹமத்தை வரச்சொல்லிவிட்டான்.

ரஹமத் மூடியைக் கழற்றிக் கைப்பிடியைச் சுற்றி, பக்கத்தில் இதுவரை யாரும் தொட்டுப் பார்க்காத சின்ன விசையைத் தள்ளினான். மேலே கிடந்த உருளை சுற்ற ஆரம்பித்தது. கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை.

“இன்னாக்கா இது? தையல் மெஷின்னா கைய எடுத்தா நின்னுடணுமே!”

பிளவுஸ் வாங்க வந்திருந்த தமிழ்செல்வி, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை செய்கிறவள், போனில் போட்டோ எடுத்துத் தேடினாள். “மூடியோட காட்டினா இதுவும் தையல் மெஷின்னுதான் சொல்லுது. தொறந்து காட்டினா... அய்யோ, போனோகிராப்க்கா! பாட்டு மெஷின். தட்டு இல்ல, குழாய்ல பாட்டு. இத மாதிரி குழாய்.”

போனில் தெரிந்த நீலக் குழாயைப் பார்த்ததும் பர்சானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மெஷினோடு இதே மாதிரி ஒரு குழாயும் வந்திருந்தது; அதில் அப்பா லேஸ் சுற்றி வைத்திருந்தார். இன்றைக்கும் அலமாரியில் அப்படியேதான் இருக்கிறது! அவசர அவசரமாக லேஸைப் பிரித்தாள். லேஸுக்கு அடியில், குழாயின் மேலெல்லாம் மயிரிழை மாதிரிக் கோடுகள், ஒன்றும் கெடவில்லை. உருளையில் செருகினாள், கைக்கு அளவெடுத்த வளையல் மாதிரி ஏறி உட்கார்ந்தது.

படத்தில் இருந்த, பாட்டு வெளியே கேட்கிற ஊதுகுழல் மட்டும் இல்லை. அதற்கென்ன, தையல்காரிக்குக் கஷ்டமா? காலருக்குள் வைக்கிற விறைப்பான கேன்வாஸைக் கூம்பாக வெட்டித் தைத்து, குழாயைத் தொட்டு நிற்கிற மெஷினின் கையில் மாட்டினாள். தொங்கிப்போகாமல் ரஹமத் பிடித்துக்கொண்டான். அவள் கைப்பிடியைச் சுற்றி விசையைத் தள்ளியதும் முதலில் கரகரவென்று சத்தம். பிறகு யாரோ ஒரு வெள்ளைக்காரி, எங்கேயோ தூரத்தில் நின்றுகொண்டு பாடினாள்.

“யா அல்லா!” என்றான் சுஹைல்.

தமிழ்செல்வி போனைப் படித்தாள். “நூறு வருஷத்துக்கு மேல ஆவுதாம். எண்ணெ காஞ்சி உள்ள இறுகிடறதால நெறய மெஷின் ஓடறதே இல்லியாம். உங்களுது எப்படிக்கா ஓடுது?”

பர்சானாவுக்கு அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. “இதுக்கு எதுக்குடி எண்ணெ?” என்று முபின் கிண்டல் செய்வான். “பாவம்டா, இது மட்டும் இன்னா பண்ணிச்சி?” என்று பாவாடை கட்டின சின்னப் பர்சானா எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வருவாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இது பாடும் என்று அவருக்கும்தான் தெரியாது. இதைக் கைவிடாதவள் யார் என்பது தெரிந்திருக்கிறது.

“அப்பா எனக்குக் கழிச்சிப்போட்டத குடுக்கலீங்க” என்று புருஷனிடம் சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. “என்ன நம்பிக் குடுத்திருக்காரு.”

பழைய மெஷினுக்கு இடம் விட்டு சுஹைல் ஓவர்லாக் மெஷினை வாசல் பக்கம் நகர்த்தினான்.

பாட்டு முடிந்து உருளை நின்றது. ரஹமத் இன்னும் கூம்பை விடவில்லை. “அக்கா, இன்னொரு வாட்டி சுத்துங்கக்கா.”

“இருடா, அவசரப்படாத” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பர்சானா எண்ணெய்க் கேனை எடுத்தாள்.