நாகேஸ்வரன் திரும்பி வந்த வரிசை

1947 ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நாகேஸ்வரனின் வாசனை மட்டும் தனியாக வலியசாலை வீட்டுக்குத் திரும்பி வந்தது. நாகேஸ்வரன் வரவில்லை. ராணுவத்தில் டைப்பிஸ்ட் வேலை என்று 1944 தையில் தம்பானூரில் ரயிலேறியவர், அந்த வருஷம் ஐப்பசியில் அஸ்ஸாம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் போட்டார்; அதோடு சரி. ஆளைக் காணவில்லை என்று பின்னால் சர்க்கார் தபால் ஒன்று வந்தது. இருக்கிறார் என்றும் அதில் சொல்லவில்லை, செத்தார் என்றும் சொல்லவில்லை. மூக்குப்பொடியும் நனைந்த குடைத்துணியும் கலந்த அந்த வாசனை கொல்லையில் கொத்திப் போட்ட மண்ணிலிருந்து கிளம்பி, கூடத்தைக் கடந்து, அவர் சட்டை மாட்டுகிற ஆணியடியில் போய் நின்றுகொண்டது. எதிர்வீட்டு மாமி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "நாகு வந்துட்டானாடி?" என்று வாசலிலிருந்தே கேட்டாள். "வந்துண்டிருக்கார்" என்றாள் அவர் மனைவி நீலாம்பாள். அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அவர் ரயிலேறியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பிளாட்பாரத்தில் நின்றவளிடம் ஜன்னல் வழியாக அவர் ஏதோ சொன்னார். சரியாக அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஊதித் தொலைத்தது. உதடு அசைந்தது தெரிந்தது, வார்த்தை காதில் விழவில்லை. திரும்பி வந்ததும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். எந்த வேளையில் வருவாரோ என்று அன்றிலிருந்து வாசல் கதவுக்குத் தாழ் போட விட்டதில்லை. அதே வீட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்த நாகேஸ்வரனின் தம்பி ராமசுப்ரமணியன், செக்ரட்டேரியட் குமாஸ்தா, பயந்த சுபாவம். தாழ் போடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். மொத்தத்தில் இரண்டு ஆடும் ஒரு குடிகாரனும்தான் உள்ளே வந்தார்கள். குடிகாரன் மூக்குப்பொடி வாசனை பட்டதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான 1949இல் அவருடைய ருசி வந்தது. எதைப் பரிமாறினாலும் ஒரு சிட்டிகை உப்பு கேட்கிறவர் அவர். அந்த ஒரு சிட்டிகை கிணற்றுத் தண்ணீரில் ஏறிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் சாதத்துக்கும் குழம்புக்கும் உப்புப் போடத் தேவையில்லாமல் போயிற்று. 1951 கார்த்திகையில் உருவம் வந்தது. விறகடுப்பின் ஜ்வாலையில் ஒரு சாண் உயரத்துக்கு, வலது தோள் கொஞ்சம் இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் முதுகுதான். 1953இல் ஸ்பரிசம். புறங்கையால் நெற்றியைத் தொட்டு ஜுரம் பார்ப்பது அவர் வழக்கம். நீலாம்பாளுக்கு உடம்பு சுட்ட ஒரு மத்தியானம், மாவிலை கூட அசையாத புழுக்கத்தில், காற்று அவள் நெற்றியை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. பாவம், அதற்கப்புறம் அவள் இரண்டு தடவை வேண்டுமென்றே மழையில் நனைந்து ஜுரத்தை வரவழைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரவுக்கும் பாயசம் வைத்தாள். மண்ணுக்கு வாசனை, ஜலத்துக்கு ருசி, நெருப்புக்கு உருவம், காற்றுக்கு ஸ்பரிசம், ஆகாசத்துக்குச் சப்தம் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் காதில் விழுந்து ஊறிய சங்கதி. வீடு கட்டுகிறவன் தரையிலிருந்துதானே தொடங்குவான்? நாலு வந்தாயிற்று, குரல் ஒன்று வந்துவிட்டால் ஆள் முழுசு என்று அவள் நம்பினாள்.

தகவலில்லாமல் பன்னிரண்டு வருஷம் போனால் போனவருக்குக் காரியம் செய்துவிட வேண்டும் என்பது சாஸ்திரம். உடம்புக்குப் பதிலாக முந்நூற்று அறுபது புரசங்காம்பும் தர்ப்பையும் வைத்து ஆள் கட்டி, தலைக்கு ஒரு தேங்காய் வைத்து எரிப்பார்கள். 1956இல் அந்தக் கெடு வந்தது. ராமசுப்ரமணியனின் பெண் சுப்புலக்ஷ்மிக்குப் பார்த்த வரன் வீட்டார், காரியம் ஆகாத வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆள் வந்துகொண்டிருக்கும்போது கொள்ளி வைப்பதா என்று நீலாம்பாள் ஒப்பவில்லை. நாள் குறிக்க வந்த சாமா வாத்தியாரிடம், நாலும் வந்த கதையை முகமெல்லாம் மலரச் சொன்னாள். வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

"அம்மா, உண்டாகறச்சே ஆகாசம்தான் முன்னாடி. அப்புறம் காத்து, நெருப்பு, ஜலம், கடைசியிலேதான் மண்ணு. மண்ணிலேர்ந்து ஆரம்பிச்சுதுன்னா அது கட்டறது இல்லை. அவுந்துண்டு போறதாக்கும். மனசிலாச்சோ?"

மனசிலாயிற்று. எங்கேயோ மலைக்காட்டில், எடுத்துப் போட ஒருத்தருமில்லாமல் கிடந்த மனுஷர் ஒவ்வொன்றாக அவிழ்ந்திருக்கிறார். அவிழ்ந்தது வேறு போக்கிடம் தெரியாமல் வீட்டுக்கு வந்திருக்கிறது. அதற்குத்தான் அவள் பாயசம் வைத்திருக்கிறாள். நீலாம்பாள் அடுக்களையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பன்னிரண்டு வருஷத்தில் அதுதான் முதல் அழுகை. அழுதால் அவர் போய்விட்டதாக ஆகிவிடுமே என்று அதுவரை அடக்கி வைத்திருந்தாள். குரல் வருகிறவரை மட்டும் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அதற்கு எல்லோரும் சம்மதித்தார்கள்.

குரல் ஐப்பசி நடுவில் வந்தது. காரியத்துக்கென்று வாங்கி வைத்திருந்த புதுப்பானைதான் அந்த வீட்டில் ஒன்றும் போட்டு வைக்காமல் வெறுமையாக இருந்த ஒரே பாத்திரம். அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "நீலா, கதவைத் தாழ் போட்டுக்கோ" என்றது. பிளாட்பாரத்து உதட்டசைவு அவளுக்கு மனப்பாடம். வார்த்தை அதில் அப்படியே பொருந்தியது. வேறு ஏதாவது சொல்லுமா என்று மூன்று நாள் பானையோடு காதை வைத்துக் கிடந்தாள். அது ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது.

ராமசுப்ரமணியனுக்கே பொறுக்கவில்லை. "மன்னி, இது இங்கேயே இருக்கட்டும். ஒடைக்கறதுக்கு வேற பானை வாங்கிண்டு வரேன்" என்றான்.

"வேண்டாம், ராமு. இதுக்குள்ளே எத்தனை நாள் அடைஞ்சு கெடப்பார்? ரயில்லே ஜன்னலோரம் கெடைக்கலேன்னாலே மூச்சு முட்டறதும்பார். இதையே ஒடச்சுடு." பானையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள்.

தெற்கே நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு போய், மிச்சமெல்லாம் கேரளமான வாரம் அது. ஊரே கொடியும் ஊர்வலமுமாக இருந்ததால் கிள்ளியாற்றங்கரையில் கூட்டமில்லை. ராமசுப்ரமணியன் தண்ணீர் நிரப்பிய பானையைத் தோளில் வைத்துப் புரசங்காம்பு அண்ணாவை மூன்று சுற்றுச் சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் பானையில் ஒரு ஓட்டை விழுந்தது, குரல் அதையே சொன்னது. பிறகு திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைத்தான். பானையளவு இருந்த குரல் வானத்தளவு ஆயிற்று.

அன்றே ஆணியடியில் வாசனை இல்லை. அடுப்பில் வெறும் நெருப்பு எரிந்தது. பத்தாம் நாள் தாலியைக் கழற்றினார்கள். அன்றிரவு அவளுக்கு ஜுரம் கண்டது; அந்த ஜுரத்துக்குக் காற்று வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து முதல்முதலாக உலை வைத்த அன்று, உப்பு எவ்வளவு போடுவது என்று நீலாம்பாளுக்கு மறந்துபோயிருந்தது. தையில் சுப்புலக்ஷ்மிக்குக் கல்யாணம் ஆயிற்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் வலியசாலைக்கு மேலே அந்தக் குரல் கேட்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வீட்டுக்கு வீடு தாழ் விழும். கடைசியாக நீலாம்பாள் எழுந்து வருவாள். துருவேறிய தாழ், இரண்டு கையும் போட்டுத் தள்ள வேண்டும். தள்ளிவிட்டு, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, "போட்டாச்சு" என்பாள். அதற்கப்புறம்தான் குரல் நிற்கும்.