கூட்டத்துலேர்ந்து யாராவது ஒருத்தர்

என் போன புத்தகத்துக்கு ஒரு விமர்சனம் வந்துச்சு. "இந்த ஓவியருக்குத் தெரிஞ்சது ஒரே மூஞ்சி. அதுக்கு மீசை வச்சா அப்பா, கொண்டை போட்டா அம்மா." படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரே வயித்தெரிச்சல். இந்தத் தடவை ஒருத்தனும் அப்படி வாயைத் திறக்கக் கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டுத்தான் விலாங்கு புத்தகத்துல உட்கார்ந்தேன்.

விலாங்குங்கறது ஊர் உலகம் அவருக்கு வச்ச பேரு. சங்கிலியால கட்டி, பெட்டியில பூட்டி, தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கினாலும் நழுவி வெளிய வந்து தலையைத் துவட்டிக்குவார். அவர் செத்தப்புறம், அவர் வாழ்க்கையைப் படக்கதையா வரையற வேலை எனக்கு வந்துச்சு.

எனக்குக் கதை சொன்னது அவரோட தம்பி. மகளோட மருந்துக்கடையில, அலமாரிக்குப் பின்னால ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து சொல்லுவார். காதை மறைக்கிற அளவுக்கு நரைச்ச முடி, மெதுவான குரல். மகள் மாத்திரை அட்டையைக் கத்தரிச்சுக்கிட்டே நடுவுல ஒரு குத்து விடுவா. "எழுதிக்குங்க மேடம். பெரியப்பா உயிரைக் குடுத்து சம்பாதிச்சார். எங்கப்பா கூடவே போய் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வந்தார்."

அவர் தலையைக் குனிஞ்சு சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். வாரக்கணக்கா அந்த மனுஷனை அண்ணனைப் பத்தியே குடைஞ்சேனே தவிர, "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேட்கலை.

அவர் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "அண்ணிகிட்ட பழைய போட்டோ எல்லாம் இருக்கு. வாங்கி, அதுல இருக்கறதை அப்படியே வரைஞ்சுடுங்கம்மா." எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. எனக்கு வரையக் கத்துக்குடுக்கறாராமே.

போட்டோ வந்துச்சு. ஒவ்வொரு காட்சியிலயும் விலாங்கு கூப்பிடுவாராம்: "கூட்டத்துலேர்ந்து யாராவது ஒருத்தர் வாங்க, பூட்டைச் சோதிச்சுப் பாருங்க." ஒரு ஆள் மேடையேறுவார். சங்கிலியை இழுத்துப் பார்ப்பார். "எல்லாம் சரியா இருக்கு, நான் பார்த்துட்டேன்"னு கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவார். விலாங்குக்குக் கைகுடுத்துட்டு இறங்கிடுவார். போட்டோவை எல்லாம் மேஜையில பரப்பினா, அப்படி வந்தவங்க அத்தனை பேருக்கும் ஒரே ஜாடை. ஒருத்தருக்கு மீசை, ஒருத்தருக்குத் தாடி, ஒருத்தருக்குத் தொப்பி. ஆனா அதே தாடை, அதே ஒல்லி உடம்பு. இடது காதோட மேல்நுனியில ஒரு துண்டைக் காணோம். போட்டோவுல கீறல் விழுந்திருக்கும்னு நினைச்சேன்.

ஏன் எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கன்னு யோசிக்கணும்னுகூட எனக்குத் தோணலை. இதை அப்படியே வரைஞ்சா அந்த விமர்சகன் என்னைக் கிழிச்சுத் தொங்க விடுவான், அது மட்டும்தான் தோணுச்சு. ஒருத்தரைக் குண்டாக்கினேன். ஒருத்தருக்குச் சப்பை மூக்கு வச்சேன். ஒருத்தரைப் பொம்பளையாவே ஆக்கிட்டேன். எல்லாருக்கும் முழுக் காது குடுத்தேன். பெருமை தாங்கலை எனக்கு.

அச்சுக்குப் போறதுக்கு முந்தின நாள், அந்தத் தம்பிக்காரர் மகளைக் கூட்டிக்கிட்டு என் மாடி அறைக்கு வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. "இவளுக்கு ஒண்ணு காட்டணும்மா"ன்னார். மகளுக்குக் கடையிலேர்ந்து போன் வந்துச்சு, பேசிக்கிட்டே பால்கனிக்குப் போயிட்டா.

அவர் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார். ஒவ்வொரு மேடைக் காட்சியிலயும் விரல் விலாங்கைத் தாண்டி, பூட்டைச் சோதிக்கிற ஆள்கிட்ட போய் நின்னுச்சு. கடைசியில, "இவங்க எல்லாம் வேற வேற ஆளா இருக்காங்களேம்மா?"ன்னார்.

"ஆமாங்கய்யா. போட்டோவுல எல்லாம் ஒரே அச்சு. நான்தான் தனித்தனியா மூஞ்சி குடுத்தேன்."

அவர் கண்ணாடியை மாட்ட முடியை ஒதுக்கினார். இடது காதோட மேல்நுனியில ஒரு துண்டு இல்லை.

நான் மேஜையில இருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தேன். அதுக்குள்ள மகள் வந்துட்டா. "என்னப்பா காட்டணும்னீங்க?"

"பெரியப்பா படம்தான். எவ்வளவு நல்லா வந்திருக்கு பாரு."

அவ நாலு பக்கத்தைத் தள்ளிப் பார்த்தா. "பெரியப்பா அப்படியே இருக்கார். இதுக்கா கடையைப் போட்டுட்டு வரச் சொன்னீங்க?"ன்னு ஸ்கூட்டரை எடுக்கக் கீழ இறங்கிட்டா.

வாசல்ல அவரை நிறுத்தினேன். "ஏங்கய்யா என்கிட்ட சொல்லலை?"

"வாயால சொல்ல மாட்டேன்னு அண்ணனுக்கு வாக்கு குடுத்திருந்தேன். படத்துல வந்தா அது என் வாய் இல்லையேன்னு ஒரு நப்பாசை."

"சாவி... கைகுடுக்கும்போதா?"

அவர் செருப்பை மாட்டினார். "அண்ணன் ஒட்டு மீசைதான் குடுப்பார். நீங்க ஆளையே மறைச்சுட்டீங்க. விடுங்க, பழகினதுதான்"னு படிக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருந்துச்சு.

எடிட்டருக்குப் போன் பண்ணி ரெண்டு நாள் தாங்கன்னு கெஞ்சினேன். "உனக்கென்ன பைத்தியமா?"ன்னு கத்தினார். சில மூஞ்சி சரியா வரலைன்னு மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரலை. போட்டோவைப் பக்கத்துல வச்சு, இருந்தது இருந்தபடி வரைஞ்சேன். அந்த மீசை, அந்தத் தாடை, எல்லாத்துலயும் அந்தக் காது.

புத்தகம் வந்ததும் நானே கடைக்குக் கொண்டுபோனேன். மகள் கல்லாவுல நின்னபடியே புரட்டினா. ஒரு பக்கத்துல அவ கை நின்னுச்சு. முன் பக்கத்துக்குப் போனா, பின் பக்கத்துக்கு வந்தா. அப்புறம் திரும்பி, ஸ்டூல்ல இருந்த அப்பாவோட முடியை ஒதுக்கிப் பார்த்தா.

"நாய் கடிச்ச காதுன்னு சொன்னீங்களேப்பா. மேடையில ஏறினது எல்லாம் நீங்கதானா?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார்.

அவ முகம் சுண்டிப்போச்சு. எத்தனை வருஷம் எத்தனை பேர் முன்னால அவரைக் குத்தினாளோ, எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கிட்டு என் பக்கம் திரும்பினா. "அன்னிக்கு உங்க ரூம்ல இதை நான் பார்க்கலையே. அப்புறமா மாத்தினீங்களா மேடம்?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். அந்த மெதுவான குரல் இல்லை, தெருவுக்கே கேட்கிற குரல்.

"முதல்லேயே எல்லாம் சரியா இருந்துச்சு. நான் பார்த்துட்டேன்."

மகள் நம்பிட்டா. நான் ஆமான்னு தலையாட்டினேன்.

அப்புறம் அவர் எனக்குக் கைகுடுத்தார். அவர் மூஞ்சியைப் பார்க்காமலே நான் அந்தக் கையைப் பிடிச்சேன்.