நாலு ஸ்டார் ஸ்குரூ

…மூக்கு சப்பை, பட்டாளத்து வண்டியேதான், நூற்றுக்கு நூறு என்று நேற்று சாயங்காலம் போனில் பழைய வண்டி ஆர்வலர் குரூப்பில் போட்டாயே வெரோனிகா, கிட்டத்தில் வந்து பார்க்கும் வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா, இப்போது பார், பின்னால் இரட்டைச் சக்கரம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது… இல்லை, இரு, பதறாதே, சக்கரத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று பனமலையில்தான் பட்டுத் தெரிந்துகொண்டாயே. இது ஜெயராமன் அண்ணனின் பழைய ரைஸ்மில், அவலூர்பேட்டை ரோட்டில் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம், இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், இதற்குப் பின்னால் உமி மேட்டுக்கும் உடைந்த நெல் தொட்டிக்கும் நடுவில் ஒரு பழைய பெட்ஃபோர்டு லாரி நிற்கிறது என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை, நேற்றுதான் அண்ணன் கடைக்கு வந்து போனில் படத்தைக் காட்டி, ஏம்மா வெரோனிகா, இதில் எதாவது உருப்படியா தேறுமா, நாளைக்கு வெட்டுறோம் என்றார், எனக்குக் கையில் இருந்த கிளட்ச் பிளேட் நழுவிக் காலில் விழுந்தது, வலிக்கக்கூட இல்லை. காலையில் இட்லி இறங்கவில்லை. நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து.

பன்னிரண்டு மணி வரைக்கும்தான் நேரம். கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டம் கிடைத்ததிலிருந்து செஞ்சியில் யாரைக் கேட்டாலும் லாட்ஜ் கட்டுகிறேன் என்கிறார்கள், அண்ணனும் மில்லை இடிக்கிறார், கேஸ் கட்டிங் தனகோட்டி சிலிண்டரோடு வந்து கேட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான், பகலுக்கு மேல் அவனுக்குத் திண்டிவனத்தில் வேலை இருக்கிறதாம். புதுச்சேரியில் பழைய வண்டி சேர்க்கிற ஒரு சார் இருக்கிறார், நேற்று என் பதிவைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார், பட்டாளத்து வண்டியென்று ஒரு தடயம் காட்டுங்கள் மேடம், இன்றைக்கே டிரெய்லர் அனுப்புகிறேன், சாதா வண்டி என்றால் மன்னிக்கணும், எனக்கு இடமில்லை என்றார். தடயம் கிடைத்தால் வண்டி முழுசாகப் புதுச்சேரி போகும், கிடைக்காவிட்டால் தனகோட்டி பற்றவைப்பான், இரண்டில் ஒன்று, நடுவில் நான்.

என்ன கஷ்டம் என்றால் இந்த மூஞ்சி. இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னால் வந்த பெட்ஃபோர்டுக்கு மூக்கு உருண்டையாக, கொழுக்கட்டை மாதிரி இருக்கும், சண்டை வந்ததும் உருட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம், கம்பெனிக்காரன் தகரத்தை மடக்கி அடித்துச் சப்பையாக விட்டான், பட்டாளத்துக்குப் போன ஓ-ஒய் வண்டிக்கும் அதே சப்பை, ஊருக்குள் நெல்லும் கரியும் ஏற்ற விட்ட ஓ-டபிள்யூ வண்டிக்கும் அதே சப்பை, அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. அப்புறம் எதை வைத்துப் பிரிக்கிறது? பின்சக்கரம். பட்டாளத்து வண்டிக்குப் பக்கத்துக்கு ஒன்று, தடியாக, மணலில் புதையாமல் போகிறதுக்கு, ஊர் வண்டிக்கு இரட்டை. இதெல்லாம் புத்தகத்தில். நம் ஊரில் சக்கரத்தை யார் அப்படியே விட்டார்கள், ஏலத்தில் எடுத்த பட்டாளத்து வண்டிக்கும் இரட்டை மாட்டினால்தான் இன்னும் இருபது மூட்டை ஏறும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பனமலை ஏரிக்கரையில் ஒன்று கிடந்தது, படம் அனுப்பினார்கள், கல்லாவில் உட்கார்ந்தபடியே இரட்டைச் சக்கரம், சாதா வண்டி என்று எழுதிவிட்டேன், மறுநாள் வெட்டிவிட்டார்கள், வெட்டிய பிறகு ஆக்ஸிலில் குத்தியிருந்த எழுத்தைப் படம் எடுத்துப் போட்டான் ஒருவன்… ஓ-ஒய். மாற்றி மாட்டிய சக்கரம். என் வாயால் போன வண்டி அது. ஒரு மாசம் அந்தக் குரூப்பைத் திறக்கவில்லை நான், பூசையில் உட்கார்ந்தால்கூட அந்த ஆக்ஸில்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது, பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன், சாமியாருக்கு என்ன புரியும்.

அதனால்தான் இந்தத் தடவை அவசரப்பட்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டேனோ? இருக்கட்டும், பெயிண்டைச் சுரண்டு. பிளேடு, தின்னர், பழைய துணி, எல்லாம் பையில் இருக்கிறது. அம்மாடி, எத்தனை பூச்சு இது, வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு மில் கதவுக்கு அடித்து மிஞ்சிய எனாமலை வண்டிக்கும் அடித்திருக்கிறார்கள், ஓடாத வண்டிக்கும் விடாமல் அடித்திருக்கிறார்கள், நீலம், அதற்குக் கீழே செங்கல் சிவப்பு, பச்சை, மறுபடி நீலம், மஞ்சள், ஒரு இடத்தில் விபூதிப் பட்டைமேலேயே பெயிண்ட், எண்ணிப் பதினெட்டு வரைக்கும் வந்தேன், அதற்குக் கீழே ஒரு மங்கல் நிறம், காக்கியா துருவா… காக்கி என்று சொல்ல ஆசை, ஆசைப்பட்டால் போதுமா. இங்கிலாந்துக்காரர் ஒருவர் குரூப்பில் காலையிலேயே கேட்டிருக்கிறார், சேதி உறுதியா, உங்கள் வீட்டுக்காரர் பார்த்தாரா என்று. அவருக்கு ஒரு நினைப்பு, என் பெயருக்குப் பின்னால் சேசுராஜ் என்று இருக்கிறது, சேசுராஜ் பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று எப்போதோ வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அது அவர் சொன்னது. என் வீட்டுக்காரருக்கு ஜீப்புக்கும் டிராக்டருக்குமே வித்தியாசம் தெரியாது, பதினேழு வருஷமும் சமையல் கூடத்தில்தான் இருந்தார், நல்ல மனுஷன், குறை சொல்லவில்லை… மாதா திருவிழாவில் மைக்கில் மேனாள் ராணுவ வீரர் திரு சேசுராஜ் என்று கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள், அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, மற்றும் அவரது துணைவியார்.

பானட்டைத் தூக்கு. ஒருபக்கக் கீல் போய்விட்டது, தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கினேன், உமித் தூசி தலையெல்லாம், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தகரச் சுவரில் ஒரு மேடு, நீள்சதுரமாக, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் பெயிண்டுமாகக் கல்லுப்போல இறுகிக் கிடக்கிறது, தகடு… கம்பெனித் தகடு! பிளேடால் கீறாதே, துணியில் தின்னரை நனைத்து ஒற்று, மெதுவாக, அவசரப்படாதே வெரோனிகா, ஒரு எழுத்து வருகிறது, ஓ, அடுத்தது, டபிள்யூ மட்டும் வராதே மாதாவே, ஒய்… ஒய்! ஓ-ஒய்-டி! பட்டாளத்து வண்டி! இயேசுவே, நான் சொன்னேன் இல்லை, மூக்கைப் பார்த்தே சொன்னேன் இல்லை. நான் கத்தியே விட்டேன் போலிருக்கிறது, தனகோட்டி பீடியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தான், இன்னாக்கா பாம்பா என்றான். பாம்பில்லை ராசா, பொக்கிஷம். பனமலைக்கு இது சரியாகப் போயிற்று, இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன், போனை எடு, படம் எடு, வெளிச்சம் பார்த்து எடு…

திரையில் பெரிசாக்கிப் பார்க்கும்போதுதான் மூலைகள் கண்ணில் பட்டன. நாலு மூலைக்கும் நாலு ஸ்குரூ. நாலும் ஸ்டார். வேறு எவர் கண்ணிலும் இது படாது, புதுச்சேரி சார் கண்ணில்கூடப் படாது, ஆனால் இருபத்திரண்டு வருஷம் ஸ்குரூ டப்பாவைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறவள் நான், இந்த வண்டி முழுக்க எங்கே திருகியிருந்தாலும் ஒற்றைக் கோடு போட்ட மைனஸ் ஸ்குரூதான், இது மட்டும் எங்கள் கடையிலேயே கிடைக்கிற அரை இஞ்சு ஸ்டார். பின்னால் எவனோ மாட்டியது. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, அதுவா, அது இந்த வண்டியுது இல்லம்மா என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "எங்க நைனா ரெண்டு வண்டி வெச்சிருந்தாரு. மொத வண்டி மிலிட்டரி ஏலத்துல எடுத்தது, அது வந்தப்புறம்தான் மில்லே ஓடுச்சி. அத்த ஒடைக்கும்போது தகட்ட மட்டும் கழட்டி சாமி ரூம்ல வெச்சிக்கினாரு. ராசியான தகடு. அப்புறம் நடுவுல மில்லு படுத்துடுச்சி இல்ல, அப்ப ஜோசியர் சொன்னாருன்னு நான்தான் இதுல மாட்டனேன்." மாட்டின வருஷம் மில் நன்றாக ஓடியதாம். அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தத் தகட்டுக்குத்தான் முதல் பொட்டு. அவர் முகத்தில் அத்தனை பக்தி.

அண்ணன் போய்விட்டார். மணி பதினொன்று இருபது. ஸ்டெப்னியையும் பார்த்துவிட்டேன், சேஸிஸுக்கு அடியில் கம்பெனியே வைத்த தொட்டிலில் கிடக்கிறது, இருபது இஞ்சு ரிம், ஊர் வண்டியின் அளவு, பட்டாளத்து வண்டியின் ரிம் பதினாறு, அந்தத் தொட்டிலை எவனும் மாற்றவில்லை, பெயிண்டுகூட உரியவில்லை. ஆக இது ஓ-டபிள்யூ. முடிந்தது. சக்கரம் காலையிலேயே உண்மையைத்தான் சொன்னது, பனமலைப் பயத்தில் நான்தான் நம்பவில்லை… ஆனால் படம் இருக்கிறதே போனில். ஓ-ஒய்-டி என்று பளிச்சென்று. நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிட்டால் ஸ்குரூ தெரியாது, எழுத்து மட்டும் தெரியும், வெட்டியும் விட்டேன், புதுச்சேரி சார் பெயரையும் எடுத்துவிட்டேன், அம்புக்குறிமேல் கட்டைவிரல் நிற்கிறது. அனுப்பினால் என்ன கெட்டுப்போகும்? வண்டி பிழைக்கும். பொய்யா சொல்கிறேன், தகடு உண்மை, எழுத்து உண்மை, வண்டி மட்டும்… அனுப்பு, வெரோனிகா. நாளைக்கு அவர் கண்டுபிடித்தால்? கண்டுபிடிக்கட்டும், அதற்குள் அது கொட்டகைக்குள் நிழலில் இருக்கும், கட்டரா அங்கே வரப்போகிறது.

விரல் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை, நியாயம் அநியாயம் எல்லாம் அப்போது தோன்றவில்லை, கோபம்தான் வந்தது, யார்மேல் என்றும் தெரியாமல் வந்தது… எத்தனையோ வருஷம் இந்த ஊர் நெல்லைச் சுமந்தது இது, மணிலாக்கொட்டையைச் சுமந்தது, எத்தனை கல்யாணத்துக்கு எத்தனை ஜனத்தை ஏற்றிப் போயிருக்கும், அதுவெல்லாம் ஒரு பேச்சே இல்லை, வேறொரு வண்டியின் தகட்டை நெற்றியில் ஒட்டினால்தான் இதற்குப் பொட்டு, ஒட்டினால்தான் டிரெய்லர் வரும், இப்போது அண்ணன் செய்த அதே வேலையைத்தான் நானும் செய்யப் போகிறேன், அவராவது ஸ்குரூ போட்டார், நான் போனில் வெட்டி ஒட்டுகிறேன். பையில் இருந்த ஸ்டார் டிரைவரை எடுத்தேன். நாலும் சுலபமாகக் கழன்றன. தகட்டுக்குக் கீழே பார்த்தால் அங்கேயும் நீலம், சிவப்பு, பச்சை, தகடு வருவதற்கு முன்னாலேயே வண்டிக்குப் பத்துப் பதினைந்து பூச்சு ஏறியிருந்திருக்கிறது. அந்த இடத்தைப் படம் எடுத்தேன், கழற்றிய தகட்டையும் நாலு ஸ்குரூவையும் மட்கார்டில் வைத்து அதையும் எடுத்தேன், ஸ்டெப்னியை எடுத்தேன், எல்லாவற்றையும் புதுச்சேரிக்கும் அனுப்பினேன் குரூப்புக்கும் அனுப்பினேன், சார், நேற்று நான் சொன்னது தப்பு, இது பட்டாளத்து வண்டி இல்லை, இந்த மாதிரி இன்னொன்றை நான் நேரில் பார்த்ததில்லை, வெட்ட விடாதீர்கள் என்று குரலில் பேசி அனுப்பினேன். இரண்டு கோடும் நீலமாயிற்று. புதுச்சேரி சார் எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

தகட்டைத் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டேன், அண்ணனிடம் கொடுக்க வேண்டும், சாமி ரூமிலேயே இருக்கட்டும் அது. தனகோட்டி கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான், சப்பை மூக்கைப் புறங்கையால் தட்டிப் பார்த்தான். இன்னும் பற்றவைக்கவில்லை.

"அப்ப மிலிட்டரி வண்டி இல்லன்ற. சரி, இது இன்னா வண்டிக்கா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். நான் பெரிய கெட்டிக்காரி, வாயைத் திறந்தேன், சாதா வண்டி என்று வந்தது, அதை முழுங்கினேன், பட்டாளம் இல்லாத வண்டி என்று வந்தது, அதையும் முழுங்கினேன்… அப்புறம் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் இந்த இரண்டையும் பிரித்துப் பிரித்துச் சொல்லியிருக்கிறேனே, இதுவல்லாதது அது என்றுதானே சொல்லியிருக்கிறேன், தனியாக இதற்கென்று ஒரு பெயர் வைத்து நான் கூப்பிட்டதே இல்லையா? கையில் போன் அதிர்கிறது. தனகோட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.