கழுத்துவரை மண்

"இந்த ஊட்டுக்கடியில கெணறு ஏதாச்சும் இருந்துச்சுங்களா அம்மா?" என்று சாக்கடை வேலையில் பம்ப் ஓட்டும் அன்பரசு வாசலில் நின்று கேட்டபோது, அங்கம்மாள் முறத்து முருங்கைக்கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இல்லீங்க சாமி" என்றாள். பொய் இத்தனை சுளுவாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

தெருவுக்கடியில் போகும் செங்கல் சாக்கடை பாட்டன் காலத்தது. இரண்டு மாதமாக அதற்குள் புது உள்சுவர் எழுப்பி, துளை போட்டு, பின்னாலிருக்கும் பொந்துகளுக்குச் சிமெண்ட் பாலைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு துளையில் விட்டது அடுத்த துளையில் எட்டிப்பார்க்க வேண்டும். இவள் வீட்டுக்கு நேரே விட்டது எங்குமே எட்டிப்பார்க்கவில்லை. இருபது மூட்டை உள்ளே போய்விட்டது. அன்பரசு திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பதினைந்து வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டவன். பூமி எங்கே வெறும் வயிறாகக் கிடக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

கிணறு இருந்தது. தண்ணீர் நாறிப்போனதும் கழுத்துவரை மண் கொட்டி, கல் பாவி, மேலே அறை எடுத்தார்கள். கிணற்றை மூடுவது பாவம், அது மூச்சுவிட வழி வைக்க வேண்டும் என்று புருஷன் செல்லமுத்துதான் தரையில் ஒரு குழாயை நிறுத்தினார். பக்கவாதம் விழுந்து, இரண்டு வருஷமாக அதே அறையில் கட்டிலோடு கிடக்கிறார். போன வாரம் தெருக்கோடி வீட்டுக்கடியில் பள்ளம் என்றதும் அன்றைக்கே ஆட்களை வெளியேற்றி சீல் வைத்தார்கள். மகளுக்கோ ஆத்தூரில் ஒற்றை அறைக் குடித்தனம். இவரைத் தூக்கிக்கொண்டு அங்கம்மாள் எங்கே போவாள்?

இன்ஜினியர் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவர். கிணறு இல்லையென்றால் மண்ணில் கசிந்து வீணாகிறது, நிறுத்து என்று சொல்லிவிட்டார். துளையை அடைத்தார்கள்.

சாயங்காலம் கை கழுவத் தண்ணீர் கேட்டு அன்பரசு வந்தான். "கெணறு இருந்திருந்தா நாலு நாள் நின்னு நெரப்பீட்டுத்தான் போயிருப்போமுங்க."

"நெரப்பறதா? சீல் வெக்க மாட்டீங்களா?"

"அந்தக் கோடி ஊடு சொவுரு வெடிச்சதுங்க. கெணறுன்னா நெரப்பறதோட செரி. நாளைக்கு வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருமுங்க."

அவன் படியிறங்கினான்.

"சாமி" என்றாள். அவன் திரும்பினான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சீல் வைக்க மாட்டார்கள் என்பதற்கு இவன் வாய் வார்த்தையைத் தவிர என்ன இருக்கிறது? காலையில் சொன்ன பொய்யை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது?

"மோர் குடிச்சுப்போட்டுப் போறியா?"

"வேண்டாமுங்க."

அவன் போனபின், வாசலில் கிடந்த ஜல்லி ஒன்றை எடுத்துவந்து, குழாய்வாயில் திணித்திருந்த துணியை உருவி உள்ளே போட்டாள். கையெட்டும் தூரத்தில் மண் இருக்க வேண்டும். காதை வைத்துக் காத்திருந்தாள். ரொம்பக் கீழே, ஈரத்தில் சொத்தென்று விழுந்தது. அத்தனை மண்ணும் சாக்கடையோடு போயிருந்தது.

எழுந்து, கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்புள்ள... இழுக்கற?" செல்லமுத்துவுக்கு வாய் குழறியது.

"காத்து வரட்டும்னுதானுங்க."

சன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது. அவள் குழாய்க்குத் தள்ளியிருந்த, சன்னலில்லாத மூலையைப் பார்த்து, பாதத்தை அழுத்தி ஊன்றாமல், ஒவ்வொரு சாணாக இழுத்துக்கொண்டிருந்தாள்.