படகில் இருந்த கல்

"இன்னும் ரெண்டு வரிசை போடுப்பா. ஸ்கூல்லேர்ந்து வருவாங்க" என்று நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவனிடம் சார் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் குரல் அப்படி. ஓய்வுபெற்று மூன்று வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் சார்தான். அவர் மனைவி டீச்சர்.

டீச்சர் அன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் வரவில்லை என்று உடலை இன்னும் தரவில்லை. மகன் அங்கே நின்று, "இதோ, இதோங்கிறாங்கப்பா" என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தான். இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. சார் ஏற்கெனவே நேராக இருந்த நாற்காலிகளை மறுபடி நேராக்கினார்.

பதினோரு மணி வாக்கில் பிள்ளைகள் வந்தார்கள். டீச்சரின் வகுப்பு, ஒன்பது பேர். சீருடையிலேயே வந்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்குக் கேட்காமல், அவள் ஸ்கூட்டர் நிற்கும் ஷெட்டில் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அது மெல்ல வளர்ந்து வாக்குவாதமாகவே ஆகிவிட்டது.

டீச்சரின் தங்கை உள்ளேயிருந்து வேகமாக வந்தாள்.

"அத்தான், நல்லாருக்கா இது? சாவு வீட்ல உக்காந்து பாடம் படிக்குதுங்க. போகச் சொல்லுங்க."

"நாளைக்கு அவங்களுக்குப் பரீட்சைம்மா."

"அதுக்கு? அக்கா போயிட்டா, இதுங்களுக்குப் பரீட்சை!"

சார் ஷெட்டுப் பக்கம் நடந்தார். அவருக்கும் பரீட்சைதான் மனதில் இருந்தது. இரண்டு வருடமாகவே இருந்தது.

அவரும் டீச்சரும் ஒரே பள்ளியில் இயற்பியல் நடத்தியவர்கள். சார் பாடம் எடுத்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து படிக்கும் என்பார்கள். கணீரென்று சொல்வார், எழுதிப்போடுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்ளும், தேறிவிடும். டீச்சரும் அப்படித்தான் நடத்திவந்தாள், இரண்டு வருடம் முன்பு தொண்டையில் ஆபரேஷன் ஆகும்வரை. அதற்குப் பிறகு காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. வேலையை விட்டுவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் வகுப்புக்குப் போனாள். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் மாட்டிக்கொண்டாள், பிறகு அலமாரியில் வைத்துவிட்டாள்.

"வாயத் தொறக்காம என்ன பாடம் நடத்துற நீ?"

"கேள்வி எழுதிப் போட்டுட்டு நடந்துக்கிட்டே இருப்பேங்க. அவங்களே பேசிக்குவாங்க" என்றாள் அந்தக் காற்றுக் குரலில்.

"அப்போ உனக்கு எதுக்குச் சம்பளம்?"

அவள் சிரித்தாள். அவர் பதிலுக்காக நிற்கவில்லை. வீட்டில் அப்போதெல்லாம் இருவருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்குள் அவர் தலையைக் கண்டதும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க. என்ன சண்டை?"

மூக்கில் இறங்கிய கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஒரு பெண் சொன்னாள். "வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு கேள்வி போட்டாங்க சார். குளத்துல ஒரு படகு. படகுல ஒரு பெரிய கல்லு. கல்லத் தூக்கித் தண்ணில போட்டா குளத்துத் தண்ணி ஏறுமா, எறங்குமா, அப்படியே இருக்குமா? திங்கக்கிழமை பேசலாம்னாங்க. அப்புறம் அவங்க வரல."

"இறங்கும்" என்றார் சார். முப்பது வருடம் சொன்ன பதில், தானாக வந்தது. "படகுல இருக்கறப்போ கல்லு தன் எடைக்குச் சமமான தண்ணிய ஒதுக்கும். உள்ள விழுந்துட்டா தன் பருமனுக்குத்தான் ஒதுக்கும். கல்லு தண்ணியவிடக் கனம். அதனால இறங்கும். அவ்வளவுதான்."

ஷெட் முழுக்க அவர் குரல் நிரம்பியது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். "தேங்க்ஸ் சார்" என்றாள் கண்ணாடிக்காரி. பேனாக்கள் மூடப்பட்டன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தனை நேரம் சந்தைக்கடையாக இருந்த இடம் இழவு வீடு போலாகிவிட்டது. இழவு வீடுதானே என்று அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

அவர் திரும்பினார். பின்னால் யாரோ தாழ்ந்த குரலில், "சார் சொல்லிட்டாரு, சரி. ஆனா எனக்கு இன்னும் நம்பிக்கை வரல" என்றான்.

"ஷ்ஷ்" என்றாள் ஒருத்தி.

சார் நின்றார். பேசியவன் நெட்டையாக இருந்தான், தரையில் காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தான். நம்பிக்கை வரவில்லை என்று அவர் வகுப்பில் ஒருவனும் சொன்னதில்லை. எத்தனை பேருக்கு வராமல் இருந்திருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தார்.

அவர் சமையலறைக்குப் போனார். குண்டான் ஒன்றில் தண்ணீர் பிடித்தார். மூடி இல்லாத எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"என்ன அத்தான், என்ன வேணும்? நான் எடுத்துத் தரேன்" என்றாள் கொழுந்தியாள்.

"ஒண்ணுமில்ல. கேட்டுப் பூட்டு எங்க?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஜன்னலில் இருந்த பெரிய இரும்புப் பூட்டை எடுத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்த இன்னொருத்தியிடம் போய், "அத்தானுக்கு நெதானம் இல்ல, பாத்துக்கங்க" என்று அவள் சொன்னது அவருக்கும் கேட்டது.

குண்டானையும் டப்பாவையும் பூட்டையும் ஷெட்டின் நடுவில் வைத்துவிட்டு அவர் சுவரோரம் ஒதுங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது லேசான வேலையாக இல்லை. உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டப்பா மிதந்தது. அதற்குள் பூட்டை வைத்தார்கள். டப்பா கழுத்துவரை அமிழ்ந்து நின்றது. குண்டானில் தண்ணீர் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டார்கள். கோடு கோணலாகிவிட்டது என்று ஒரு சண்டை. நெட்டையன்தான் பூட்டை எடுத்தான்.

"மெதுவாடா, தெறிச்சா கணக்குல சேராது."

"ஏறும் பாரு."

"எறங்கும். சார் சொன்னாருல்ல?"

"சார் சொன்னா தண்ணி கேக்குமா?"

சட்டென்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சாருக்குச் சிரிப்பு வந்தது. எதிர்பாராமல் வந்த சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டார். வந்தது சிரிப்புதானா என்று அவருக்கே நிச்சயமில்லை. சுவரை விட்டு வந்து, முழங்கால் வலியோடு, அவர்கள் நடுவில் உட்கார்ந்தார்.

பூட்டு அடியில் போய் அமர்ந்தது. தண்ணீர் ஆடியது. ஒன்பது தலைகளோடு அவர் தலையும் குனிந்தது.

"கோட்டுக்குக் கீழ இருக்கு" என்றான் நெட்டையன். "ஆனா ஏன்... இருங்க, இருங்க. டப்பா மேல வந்துருச்சு பாருங்க. அவ்வளவு மேல வந்துருச்சு. பூட்டு கொஞ்சூண்டு எடந்தான் புடிச்சிருக்கு."

"அதத்தானே நான் காலைலேர்ந்து சொல்றேன்!" என்றாள் கண்ணாடிக்காரி.

"நீ சொன்னது வேற."

"இன்னொரு தடவ போடு" என்றார் சார். அவரே கையை விட்டுப் பூட்டை எடுத்தார்.

தெருமுனையில் வண்டி திரும்பியதும், வாசலில் நாற்காலிகள் நகர்ந்ததும், உள்ளே அழுகை எழுந்ததும் அவருக்குக் கேட்கவில்லை. கொழுந்தியாள் ஷெட்டு வாசலில் வந்து நின்று இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் நிமிர்ந்தார்.

"அத்தான். அக்கா வந்துட்டா."

பிள்ளைகள் எழுந்தார்கள். அவரால் எழ முடியவில்லை. நெட்டையன் கை கொடுத்தான். சார் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு முழங்கைவரை ஈரத்தோடு, கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிடப் போனார்.