பாதி வேகம்

எழுதி முடித்த பாட்டை இசைக்குறிப்பு மென்பொருளில் ஓடவிட்டுக் கேட்டேன். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தட்டு என்று போட்டிருந்தும் ஆமையாக ஊர்ந்தது. எரிச்சலில் நூற்று நாற்பத்து நான்கு ஆக்கினேன். சரியாக வந்தது. அப்படியே அச்செடுத்துப் பாடகர் குழுவிடம் கொடுத்துவிட்டேன்.

ஒத்திகையில் பியானோக்காரர் தாளில் இருந்தபடியே வாசித்தார். மூன்றாம் வரியிலேயே பதினாலு பேருக்கும் மூச்சு வாங்கியது. "இது பாட்டா, ஓட்டப்பந்தயமா?" என்று அவர் கேட்டபோது தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து திரையைத் துருவினேன். கேட்கும் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கிற பட்டை, மூலையில் ஐம்பது சதவீதத்தில் நின்றது. பாதி வேகத்தில் கேட்டுவிட்டுத்தான் இரட்டிப்பாக்கியிருக்கிறேன். இந்தக் கணினியைத் தொடுகிற இன்னொரு ஆள் தம்பிதான்.

"ஏன்டா, என் மானத்த வாங்கவா இதப் பாதியில வச்சே?"

கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கவில்லை. "உன் பாட்டத்தான்க்கா பழகுறேன். முழு வேகத்துக்கு விரல் இன்னும் வரல."

தாளில் எழுபத்திரண்டைத் திரும்பப் போட்டேன். பட்டையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, நாற்காலியை அவன் பக்கம் இழுத்தேன்.

"ம், வாசி."