மொத்தத்துல ஒண்ணுதான்

ஜுவைரியா எழுதிய புது நிரல் முதல் ஓட்டத்திலேயே தேறிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரன்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவள் பராமரிப்பது, பயிர் வளர்ச்சியைக் கணிக்கும் மென்பொருள் நூலகம் ஒன்றை. மழை, வெயில், உரம், தண்ணீர் இவற்றில் எது கொஞ்சம் அசைந்தால் விளைச்சல் எவ்வளவு அசையும் என்று அது சொல்லும். இதுவரை ஒவ்வொன்றுக்கும் பருவம் முழுவதற்கும் சேர்த்து ஒரே எண்தான் தந்தது. அதை நாள்வாரியாகப் பிரித்துக் காட்டுவதுதான் புது வேலை. சோதித்துப் பார்க்க, ஆறுமுகச்சாமி வயலில் போன வருஷம் ஈரமானி நட்டு எடுத்த தகவல்களைக் கொடுத்தாள்.

இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரி விவசாயி அவர். மக்காச்சோளம் ஒரு மாதப் பயிராக வாடியபோது, பண்ணைக்குட்டையில் ஒரு தடவைக்குத்தான் தண்ணீர் கிடந்தது. இப்போதே விடவா, கதிர் வாங்கும்வரை வைத்திருக்கவா என்று கேட்டார். ஜுவைரியா அந்த ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு, "மொத்தத்துல எப்ப விட்டாலும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றாள். அவர் அப்போதே தண்ணீரை விட்டார். பிறகு மழையும் கைவிரித்தது. கதிர்கள் மணி பிடிக்காமல் பொக்கையாய் நின்றன.

படித்தவளைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை. பழி, விதை கொடுத்த, மனைவியின் அண்ணன் சண்முகையாவின் தலையில் விழுந்தது. தை மாதம் அவர் தன் தங்கை வள்ளித்தாய்க்குச் சீராகக் கொண்டுவந்த பொங்கல்படியை ஆறுமுகச்சாமி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அதைக் கேட்டபோது ஜுவைரியா 'பாவம்' என்று மட்டும் சொன்னாள்.

இப்போது திரையில் தண்ணீருக்கான கோடு ஐம்பது நாள் படுத்துக் கிடந்து, அடுத்த பத்து நாளில் செங்குத்தாக ஏறி இறங்கியிருந்தது. பயிரின் தாகமெல்லாம் கதிர் வாங்கும் அந்தப் பத்து நாளில்தான். நூறு நாள் சராசரி அதை விழுங்கியிருந்தது. வேறு வயலின் தகவலைப் போட்டுச் சோதித்தால், தான் சொன்னது தப்பென்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆறுமுகச்சாமி திரையில் ஏறி இறங்கிய அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதான் மக்கா. ஒன் பேச்சப் பெருசா நெனச்சுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. நிலைப்படியில் நின்ற வள்ளித்தாய்தான் கேட்டாள்.

"அப்ப எங்கண்ணன் குடுத்தது நல்ல வெததானா?"

"நல்ல வெததான்க்கா. தப்பு என் மேல."

வள்ளித்தாய் புருஷனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. தன் போனில் அண்ணனின் எண்ணை அழுத்தி ஜுவைரியாவின் கையில் கொடுத்தாள்.

"நீயே சொல்லு."

முதல் மணி அடித்ததுமே எடுத்துவிட்டார் சண்முகையா.

"வள்ளி, கடைசியில பேசிட்டியா தாயி" என்றார்.

அது வள்ளித்தாய் இல்லை என்பதிலிருந்து ஜுவைரியா சொல்லத் தொடங்க வேண்டியிருந்தது.